ரொட்டித் தட்டில் வந்த ஓரின்

ஜெனரல் பென்ரோக்கின் முகம் பதித்த கண்ணாடி ரொட்டித் தட்டு எதுவானாலும், லவினியா ஹார்ப்ஸ்டர் வீட்டுக்குள் வந்தால் பொழுது சாய்வதற்குள் அந்த முகம் அவள் மகன் ஓரினின் முகமாகிவிடும். ஓஹியோ ஆற்றங்கரையில் கண்ணாடி வார்த்துப் பிழைக்கும் எங்கள் ஊரில், ஸ்பெயினோடு நடந்த கியூபாச் சண்டைக்கு அடுத்த வருஷம் இது எல்லோரும் அறிந்த சங்கதி. சண்டையில் ஜெயித்த ஜெனரல் மற்ற வீடுகளில் தண்ணீர்க் கூஜாவிலும் வெண்ணெய்க் கிண்ண மூடியிலும் மீசையோடு விறைத்துக்கொண்டிருந்தார். லவினியா வீட்டில் மட்டும் மீசை உதிர்ந்து, இடது காது மடங்கி, இடைவெளி விட்ட முன்பல்லோடு ஓரின் சிரித்தான். தொழிற்சாலை மேனேஜர் ஸ்டக்கி முதலில் அச்சைத்தான் சந்தேகப்பட்டார். கழற்றித் துடைத்துப் பார்த்தார். அதில் ஜெனரல்தான் இருந்தார். மாற்றிக் கொடுத்த தட்டுகளும் மாறவே, கடைசியில் அவரே புதுத் தட்டோடு வந்து அவள் மேசையில் உட்கார்ந்தார். மீசை போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தார்.

"லவினியாம்மா, இது வீரருங்க தட்டு. உங்க பையன் காய்ச்சல்ல போனவன்."

"காய்ச்சல் எங்க வீட்லயா இருந்துச்சு? சதுப்புல கூடாரம் போடச் சொன்னது உங்க ஜெனரல்தானே?"

அதுதான் விவகாரம். நீதிமன்ற வாசலில் நட்ட நினைவுக்கல்லில் குண்டடி பட்டுச் செத்தவர்களின் பெயரை மட்டுமே வெட்டினார்கள். ஓரின் பெயரைக் கேட்டுப் போனவளிடம் கல் நட்ட கமிட்டிக்காரர்கள் கையை விரித்தார்கள். பிள்ளையின் உடலும் ஊர் வரவில்லை. பெற்ற வயிறு எரியாதா?

மே மாதம், செத்த வீரர்களின் கல்லறைகளுக்குப் பூப்போடும் நாளில், ஜெனரலே ஊருக்கு வந்தார். சர்ச் விருந்துக்கு வீட்டுக்கொரு ரொட்டித் தட்டு கொண்டுபோவது எங்கள் வழக்கம்.

"இந்தத் தடவை வெறுங்கையோட வாடி, புண்ணியமாப் போகும்," என்றாள் பக்கத்து வீட்டு மினர்வா.

"பையனை அனுப்பிட்டு வெறுங்கையோடதானே உக்காந்திருக்கேன், அது போதாதா?"

லவினியா நேராகப் போய் ஜெனரலின் முன்னால் தட்டை வைத்தாள். ஜெனரல் நல்ல பசிக்காரர். கடைசித் துண்டையும் எடுத்தபோது கீழே ஓரின் சிரித்தான். அவர் தட்டைக் கையில் தூக்கினார்.

"யாரும்மா இது?"

"ஓரின் ஹார்ப்ஸ்டர். உங்க படைல இருந்தான். கல்லுல இடமில்லைன்னாங்க, தட்டுல வந்துட்டான்."

"எனக்கு ஞாபகமில்லையே."

"இனிமே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவரால் மறுக்க முடியவில்லை. அந்தத் தட்டு அவர் வீட்டிலும் அவர் முகத்துக்குத் திரும்பவில்லை. ஒருமுறை கீழே போட்டுப் பார்த்தார்களாம், கீறல்கூட விழவில்லை. சாகும்வரை ஜெனரல் ஓரினின் முகத்திலிருந்துதான் ரொட்டி எடுத்துத் தின்றார் என்று அவருடைய சமையல்காரி சொன்னாள். வாசல் கல்லில் இன்றுவரை ஓரின் பெயர் இல்லை.

விருந்துக்கு மறுநாள் லவினியா கடைக்குப் போய் இன்னொரு ஜெனரல் தட்டு வாங்கி வந்தாள். சாயங்காலம் மீசை உதிர்ந்தது. அவள் ரொட்டியை அறுத்து அவன் காது மறையாமல் அடுக்கிவிட்டு, வெண்ணெய் எடுத்து வரப் போனாள்.