பாலக்கரையில் முடியாத மதியம்

பாலக்கரையில் சகாயநாதன் வீட்டு முன்னறையில் 2005இல் ஒரு சனிக்கிழமை வந்த மதியம் இன்னும் போகவில்லை. வெளியே இருட்டினாலும் மழை கொட்டினாலும் அந்த அறையில் மட்டும் ஜன்னல் வழியாக மதியம் ஒரு மணி வெயில் விழுந்துகொண்டிருக்கும். கார்த்திகை அடைமழையில் பக்கத்து வீட்டு விஜயராணி வத்தல் காயப்போட அங்கேதான் வருவாள். மற்றபடி தெருவுக்கு அதனால் தொந்தரவு கிடையாது.

காரணம், பிலிம் சுருள் மேல் சகாயநாதனுக்கு இருந்த கோபம். சென்னையில் அவன் உதவி இயக்குநராக இருந்த கம்பெனியில் சுருள் ஓடும் சத்தம் கேட்டாலே தயாரிப்பாளர் செலவை நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நடிகைக்குக் கண்ணீர் வருவதற்குள் 'கட்' சொல்லிவிடுவார்கள். வெறுத்துப்போய் ஊர் திரும்பியவன், கல்யாண வீடியோ எடுக்கும் ஜெபராஜிடம் சோப்பு டப்பா அளவில் ஒரு ஹேண்டிகேமை இரவல் வாங்கினான். கேசட் சல்லிசு, இனி காட்சி அதுபாட்டுக்கு ஓடலாம், சினிமாவே நம்ம கைக்கு வந்தாச்சு என்று டீக்கடை டீக்கடையாகப் பேசினான். கேட்டவர்கள் டீயை அவன் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு எழுந்துபோனார்கள்.

படத்தில் புருஷன் பெண்டாட்டிக்குச் சாப்பாட்டு நேரத்தில் சண்டை. அடுத்த காட்சியில் அவள் பெட்டியோடு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயிலேறிப் போய்விட வேண்டும். புருஷன் வேஷத்துக்கு ஆள் சிக்காததால் அவனே நடித்தான். பாத்திரத்துக்குக் கண்ணாடி கிடையாது என்று தன் சோடாபுட்டியைக் கழற்றி வைத்தான். பெண்டாட்டியாக நடிக்க, சாயங்காலம் வந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, கைலாசபுரத்திலிருந்து பெலிண்டா டீச்சர் வந்தாள். கேமராவை பிரிட்ஜ் மேல் வைத்து, அதன் சின்னத் திரையைத் தங்கள் பக்கம் திருப்பி, சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிவந்து இலை முன் உட்கார்ந்தான். அவள் ரசம் ஊற்றினாள். வசனப்படி "உப்பு இல்ல" என்றான். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மீதி வசனம் மறந்துபோயிற்று. 'கட்' சொன்னால் அடுத்தது பெட்டி, அப்புறம் ரயில். கேசட் சல்லிசுதானே, ஓடட்டும் என்று இருந்துவிட்டான்.

இருந்தது இருந்ததுதான். ரசம் வற்றவுமில்லை, ஆறவுமில்லை. தொட்டியத்து வாழையிலை வாடவில்லை. பெலிண்டா திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போனாள், நேராகக் காட்சிக்குள் திரும்பி வந்தாள். ஊர் வாயை மூட பங்குச்சாமியார் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, வீட்டுக்கே வந்து, கேமராவை மறைக்காமல் ஒதுங்கி நின்று தாலியை மந்திரித்துக் கொடுத்தார். மகள் ஆன்சி பிறந்தபோது, திரைக்கதையில் இல்லாத பாத்திரமாயிற்றே என்று சகாயநாதன் கொஞ்சம் முழித்தான், பிறகு தூக்கிக் கொஞ்சினான். கலைந்துவிடும் என்று பயந்து கேமராவில் தூசிகூடத் தட்டவில்லை. 'கட்' என்ற அந்த ஒரு வார்த்தையும் வீட்டில் கூடாது, மின்சாரம் நின்றால் 'கரண்ட் போச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த காட்சிக்காக வாசல் பக்கம் வைத்திருந்த பெட்டியை மட்டும் தினமும் தூக்கிப் பார்ப்பான், கனம் கூடியிருக்கிறதா என்று. ஜெபராஜ் முகூர்த்த மாசமெல்லாம் கேமராவைக் கேட்டு வருவான், ரசம் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

இந்த வருஷம் ஸ்ரீரங்கத்துத் திரைப்படச் சங்கம் ஒன்று பழைய ஹேண்டிகேம் படங்களைத் திரையிடக் கேட்டது. ஜெபராஜ் சேதியோடு வந்து இலை முன் உட்கார்ந்தான்.

"உலகத்துலயே நீளமான ஷாட்டுண்ணே உன்னுது. ஒரு வார்த்தை சொல்லி முடிச்சுக் குடு. அப்படியே என் கேமராவையும்."

ஆசை நாக்கு நுனி வரை வந்தது. சகாயநாதன் பெட்டியைப் பார்த்தான்.

"கட்," என்றாள் பெலிண்டா, கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அவள் ஜெபராஜுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அது என்னைக்குங்க ஓடுச்சு? பொத்தானை ரெண்டு தடவை அமுக்கிட்டு வந்தீங்க. ஓடலைன்னு அந்தச் சின்னத் திரையிலயே போட்டிருந்துச்சு. கண்ணாடி இல்லாம உங்களுக்கு எங்க தெரியும்?"

"அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா ஒழுங்கா எடுத்து முடிச்சு என்னை அனுப்பிவெச்சிருப்பீங்க."

ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டான். போகும்போது கேமராவை எடுத்துப்போனான். எல்லோரும் போனில் படமெடுக்கும் காலத்தில் அதை வைத்து என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை. வெற்றுக் கேசட்டைச் சங்கத்துக்காரர்கள் மரியாதைக்காக முழுக்க ஓட்டினார்கள், திரையில் ஒன்றும் வரவில்லை, பார்த்தவர்களுக்குப் பசியெடுத்தது.

கட் சொல்லியும் வெயில் நகரவில்லை. பெட்டியில் விஜயராணி வத்தல் போட்டு வைத்திருக்கிறாள். பெலிண்டா ஒரு நாள் ரசத்தை வாயில் வைத்துப் பார்த்து, வசனம் சரிதான் என்று சொல்லி, கொஞ்சம் உப்புப் போட்டாள்.