ஐந்து பூட்டு

எங்கள் பட்டறையில் முதலாளி கிடையாது. இருந்தவனை நாங்களே அடித்துத் துரத்தினோம். பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் மெஷினுக்குள் என் அண்ணன் கையை விட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, கேட்காமல் கொள்ளாமல் சுவிட்சைப் போட்ட பாவி. அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

அதற்குப் பிறகு அண்ணன்தான் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தான். சுத்தம் செய்யும்போது ஐந்து பேரும் மெயின் சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டு மாட்டுவோம். அவரவர் சாவி அவரவரிடம். ஐந்தும் திறந்தால்தான் மெஷின் ஓடும். ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் தொடக்கூடாது.

அன்றைக்கு நாலு பூட்டைத் திறந்தாகிவிட்டது. எங்களில் சின்னவன் மொட்டையின் பூட்டு மட்டும் தொங்கியது. ஆளைக் காணோம். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தே உயிரை வாங்கினான். அண்ணன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"உள்ள எட்டிப் பார்த்துட்டேன். காலியாத்தான் கிடக்கு. தள்ளு."

நான் சுவிட்சை மறித்து நின்றேன். "மொட்டை வரட்டும்ணே."

"நான் போட்ட சட்டத்தை எனக்கே சொல்றியா?"

"உனக்கும் சேர்த்துத்தானே போட்டே."

பளாரென்று ஒரு அறை விட்டான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். என்னைத் தள்ளிவிட்டுப் பூட்டு வளையத்துக்குள் கடப்பாரையை நுழைத்தான். கீழே கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவனுக்கு முழுசாக இருந்த கை அது. கடப்பாரை விழுந்துவிட்டது, அதோடு நிறுத்தியிருக்கலாம். தோளில் இன்னொன்று போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, அந்த இரண்டாவது அடி எனக்கு இனித்தது.

மொட்டை பேன்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே கக்கூசிலிருந்து ஓடிவந்தான். காலையிலிருந்து வயிற்றுப்போக்காம். பூட்டைத் திறந்தான்.

அண்ணன் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். "காலி மெஷினுக்காடி என் கையை ஒடிச்சே?"

ஐந்து பூட்டும் திறந்து கிடந்தும் யாரும் சுவிட்சுப் பக்கம் போகவில்லை. மொட்டையும் மற்ற இரண்டு பேரும் என் கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மொட்டைதான் மெதுவாகக் கேட்டான்.

"போடலாமாக்கா?"

துரத்தியடித்த முதலாளியிடம்தான் முன்பு அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்போம். ஸ்பேனரைக் கீழே போட்டேன்.

அப்போதும் அவர்கள் சுவிட்சைத் தொடவில்லை. நான் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தார்கள்.