சங்கு ஊதிய பிறகு

உப்புச் சந்தின் பழைய மீன் ஆலைச் சுவரில் ஃப்ரானே வரைந்த மத்தி மீன்கள், திறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள் அழுகத் தொடங்கின. தப்பு ஃப்ரானேயுடையதுதான். அதை அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். வேறு எதற்கும் அவன் பெயர் அடிபடாத ஊர் அது. மத்தியை டப்பாவில் அடைத்து அனுப்பிய அந்த ஆலை மூடி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கலையால் சந்துக்கு உயிர் கொடுப்போம் என்று நகராட்சி கிளம்பியபோது, சுவர் முழுக்க மீன் வரைகிறேன் என்று முன்வந்தான். வரைந்ததோடு நின்றிருக்கலாம். விழாவில் ஆலையின் பழைய சங்கை ஊதினால் அமர்க்களமாக இருக்கும் என்று யோசனை சொன்னதும் அவன்தான். அந்தச் சங்குக்கு அந்த அத்ரியாட்டிக் கரையில் ஒரே பொருள்: படகு வந்துவிட்டது, பெண்கள் போட்டது போட்டபடி கத்தியோடு வரவேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுப்பவளும் வருவாள், கோயிலில் முழங்காலிட்டவளும் பாதி ஜெபத்தில் எழுந்து வருவாள். அன்று சங்கு ஊதியது, மேயர் கைதட்டினார், கத்தியோடு ஒருத்தியும் வரவில்லை. மீன்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தன. பிறகு, கவனிப்பாரில்லாத மீன் எதைச் செய்யுமோ அதைச் செய்தன.

முதலில் கண்கள் வெளுத்தன. பிறகு வயிறுகள் வெடித்து, மஞ்சள் நீர் சுவர் வழியே வடிந்து சாக்கடையை அடைத்தது. சந்தில் பால் திரிந்தது. காயப்போட்ட துணி துவைக்காத துணியைவிட மோசமாக நாறியது. பூனைகள் மோந்து பார்த்துவிட்டு வாந்தி எடுத்தன. ஃப்ரானே சுவரைக் கழுவினான், சுண்ணாம்பு அடித்தான். மறுநாளே மீன்கள் புதிதாக, கொழுத்து, சுண்ணாம்புக்கு மேலே வந்து நின்று மறுபடி அழுகின. தலைநகரத்திலிருந்து வந்த பண்பாட்டு நிபுணர் கண்ணை மூடி நின்று, இது கடலின் அசல் மூச்சு என்றார். பிறகு தன் செருப்பின் மேலேயே கக்கினார். வாயைத் துடைத்துக்கொண்டு, இதைப் புட்டியில் பிடித்து விற்க முடியுமா என்று கேட்டார். அழுகின மீன் தேவலை என்று ஃப்ரானேக்குத் தோன்றியது.

சந்து வீடுகளை ஆலையோடு சேர்த்து வாங்கியிருந்த கம்பெனி, விழாவுக்கு முன்பே ஆள் அனுப்பி ஒவ்வோர் அறையையும் டேப்பால் அளந்து, வசந்தத்துக்குள் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லியிருந்தது. வசந்தம் வந்தது, டேப் வரவில்லை. நாறுகிற சந்தில் வாடகை மலிவு என்று இரண்டு மீனவக் குடும்பங்கள் குடியேறின. பூட்டிக்கிடந்த ரொட்டிக்கடை திறந்தது. மூக்கில் எலுமிச்சைத் தோலைச் செருகிக்கொண்டு ஒரு கல்யாணம்கூட நடந்தது. இதில் எதுவும் ஃப்ரானே கண்ணில் படவில்லை. குற்ற உணர்ச்சியில் அவன் பழைய ஆலைப் பெண்களிடம் வாசல் வாசலாக நின்று, ஒருமுறை கத்தியோடு வாருங்கள் என்று கெஞ்சினான். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்திக்குக் கத்தி மழுங்கல், ஒருத்திக்கு எந்நாளும் ஏதோ ஒரு புனிதரின் திருநாள். இப்படியே நாலு கோடை போயிற்று.

கடைசியில் கீழ்வீட்டுப் பெரினாவின் சமையலறையில் போய் உட்கார்ந்தான். ஆலையில் அவள் கத்திதான் வேகமான கத்தி.

"பெரினாக்கா, மழுப்பாம சொல்லு. நீங்கள்லாம் வந்து குடலெடுத்து உப்பு போட்டா நாத்தம் நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்."

"அப்புறம் ஏன்க்கா வரமாட்டேங்கிறீங்க?"

அவள் கீரையைப் பிழிந்து தட்டில் வைத்தாள். சுவரிலிருந்து ஒரு பெருநாற்றம் ஜன்னல் வழியே வந்து, வீட்டு ஆள் மாதிரி உள்ளே உட்கார்ந்தது.

"நாத்தம் நின்னா டேப்புக்காரன் வருவான்டா. இந்த அடுப்பு இருக்கற எடத்துல குளியல் தொட்டி வைப்போம்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னவன் அவன். உன் படம் சுமார்தான் ஃப்ரானே, மீனுக்கெல்லாம் உன் மூஞ்சி. ஆனா நாத்தம் நல்லா வந்திருக்கு. சாப்பிட்டுட்டுப் போய் சங்கை இன்னொரு தடவை ஊது. ரெண்டு நாளா கொஞ்சம் கொறையுது."