வெள்ளையன் கட்டிக்கு இரண்டாம் சாயம்

வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர் வெள்ளையன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி வந்து, கோயமுத்தூரில் அறுத்து எடுத்தார்கள். அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தார். ரிசல்ட் வந்த அன்றுதான் வம்பு ஆரம்பித்தது.

கட்டியின் செல்லுக்குள் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறதென்று அளந்து பார்த்தார்களாம். இருக்க வேண்டியதைவிட அதிகம். அப்படியிருந்தால் நோய் திரும்பிவர வாய்ப்பு கூடுதல் என்று டாக்டரம்மா பக்குவமாகச் சொன்னார். மனைவி ராமாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளையன் கேட்டது ஒன்றுதான்: எப்படி அளந்தீர்கள்?

செல்லுக்குச் சாயம் ஏற்றுவோம், டிஎன்ஏ எவ்வளவோ அவ்வளவு சாயம் பிடிக்கும், நல்ல சதையோடு ஒப்பிட்டு அந்த அடர்த்தியை மெஷின் படிக்கும் என்றார் டாக்டரம்மா.

சாயம் என்றதும் வெள்ளையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை நிமிஷம், என்ன சூடு, எத்தனை அலசு? டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக லேபுக்கு இறங்கினார். பின்னால் ராமாத்தாள், அவளுக்கும் பின்னால் டாக்டரம்மா.

லேபில் இருந்தவர் சோணைமுத்து, மதுரைப் பக்கத்துக்காரர்.

"ஏனுங்க, நீங்க ஒப்புப் பாக்கற நல்ல சதையும் என்ற சதையும் ஒரே தொட்டியிலயா போட்டீங்க?"

"இல்லண்ணே, அது போன மாசம் போட்டது."

"வேற வேற நாள்ல சாயம் போட்ட ரண்டு லாட்டை வெச்சு ஷேடு பாத்தா, எக்ஸ்போர்ட்காரன் சரக்கை மூஞ்சியிலயே வீசுவானுங்க."

சோணைமுத்து டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா மின்விசிறியைப் பார்த்தார். மறுபடி செய்வதென்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் இரண்டு சதையும் ஒரே சாயத்தில், ஒரே நேரத்தில் இறங்கின. வெள்ளையன் கண்ணாடிக்கு வெளியே கடிகாரத்தோடு நின்றார். ரிசல்ட் அதேதான். இம்மிகூடக் குறையவில்லை.

ராமாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளையனோ, வேலை சுத்தம் என்று சோணைமுத்துவின் கையைக் குலுக்கிவிட்டு வந்தார். ஊருக்குத் திரும்பும் பஸ் சூலூரைத் தாண்டும்போதுதான் விஷயம் அவருக்கு உறைத்தது.

"ராமாத்தா, சாயத்து மேல ஒண்ணும் தப்பில்ல புள்ள" என்றார் சின்னக் குரலில். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் நோய் திரும்பவில்லை. வாய்ப்பு கூடுதலென்றால் எல்லாருக்கும் வரும் என்று அர்த்தமில்லை என்று டாக்டரம்மா வருஷாவருஷம் விளக்க, அவரும் வருஷாவருஷம் கேட்டுக்கொண்டார். தொண்ணூற்றாறில், இனிமேல் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார். ராமாத்தாள் சந்தோஷத்தில் ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு டப்பா எடுத்து நீட்டினாள். இவ்வளவு கொழுப்பு யாருக்கும் ஆகாது என்று கண்டித்த டாக்டரம்மா, டப்பாவை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.