ஆரஞ்சுப்பழமும் நாற்பது நாடுகளும்

ஒரு நாட்டைத் தீர்த்துக்கட்ட மாமனாருக்கு நான்கு வரி போதும். காலையில் காப்பி ஆறுவதற்குள் இரண்டு நாடுகளை முடித்துவிடுவார். இடையில் நேரம் கிடைத்தால் போட்டியில் கடைசியாக வந்த ஒரு நீச்சல் வீராங்கனை, மூக்கைத் திருத்திக்கொண்ட ஒரு நடிகர், பாலம் இடிந்துபோன ஏதோ ஓர் ஊரின் மேயர். செய்தி சூடாக இருந்தால் ஒரு கண்டமே காலி.

இதற்கு அவருடைய பழைய வேலையும் ஒரு காரணம். அவர் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகளில் இருக்கும் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும் இல்லையென்றால் பறிமுதல் செய்வதும்தான் அந்த வேலை. சோதிப்பதற்கென்று ஒரு பெட்டி நிறைய அசல் எடைகள் இருக்கும். அவற்றைக் கையால் தொடக்கூடாது; விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டினால்கூட எடை கூடிவிடும். இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அத்தனை கறாரான வேலை. ஓய்வு பெற்ற அன்று பெட்டியையும் இடுக்கியையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார். முத்திரை குத்தும் கை மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது.

"கோர்ட்டு கலைஞ்சாச்சா? பூண்டு உரிக்கணும்" என்று மாமியார் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார்.

"இரு, இன்னும் ஒரு நாடு பாக்கி இருக்கு."

அவர் எழுதுவது ஒரு பெரிய செய்தித்தாளின் இணையதளத்தில், செய்திகளுக்குக் கீழே வரும் கருத்துப் பகுதியில். சொந்தப் பெயர், சொந்தப் புகைப்படம். "நான் என்ன திருடனா, மூஞ்சியை மூடிக்கிட்டு எழுத?" என்பார். அந்தக் கருத்துப் பகுதியைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருப்பது அவருடைய சொந்த மருமகள். ஆனால் மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டுறா" என்பதுதான் அவர் பதில்.

அந்த என்னமோவை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஒரு கருத்து பக்கத்தில் வருவதற்கு முன் ஒரு சல்லடையைக் கடக்கிறது. அது கெட்ட வார்த்தைகளைப் பிடிக்கும் இயந்திரச் சல்லடை. மாமனார் வாழ்நாளில் கெட்ட வார்த்தை எழுதியதில்லை, "வரிசையில் நிற்கத் தெரியாத ஒரு கூட்டத்துக்குத் தேசிய கீதம் ஒரு கேடா?" என்பது போன்ற சுத்தமான வாக்கியங்கள் மாப்பிள்ளை மாதிரி தலைநிமிர்ந்து உள்ளே போய்விடும். இரண்டாவது சல்லடை, படிப்பவர்கள் தரும் புகார். மூன்று புகார் சேர்ந்தால் அந்த ஆள் மருமகளின் மேசைக்கு வருவார். அவள் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். ஆளை வெளியே தள்ளலாம். தள்ளினால் இன்ன அலுவலகம், இன்ன அலுவலர் என்று கையெழுத்தோடு அவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். அல்லது கண்ணாடி அறையில் போடலாம்.

கண்ணாடி அறை அழகான ஏற்பாடு. அதற்குள் போனவருக்குத் தான் உள்ளே இருப்பதே தெரியாது. அவர் எழுதுவார், எழுதியது வந்துவிட்டதாக அவருடைய போனில் தெரியும். உலகத்தில் வேறு எந்தப் போனிலும் தெரியாது. திட்ட ஆள் கிடைத்த திருப்தியில் அவர் தூங்கப் போவார். திட்டு வாங்கியவரும் நிம்மதியாகத் தூங்குவார்.

இரண்டு வருடங்களுக்கு முன் மாமனார் மீது மூன்றாவது புகார் வந்தபோது மருமகள் அதிகம் யோசிக்கவில்லை. ஒரே வீட்டில் குளியலறையைப் பங்கு போட்டுக்கொள்ளும் மனிதருக்குக் கையெழுத்துப் போட்டு மின்னஞ்சல் அனுப்ப அவளுக்குப் பைத்தியமா? ஒரு பட்டனைத் தட்டினாள். அவர் கண்ணாடி அறைக்குள் போனார்.

அன்றிலிருந்து அவருக்கு எவரும் மறுப்பு எழுதவில்லை. அதை அவர் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா? நேத்து அந்த மலை நாட்டைக் கிழிச்சேன். ஒருத்தன் வாயத் திறக்கல."

"அவங்க மலை ஏறப் போயிருப்பாங்க" என்பார் மாமியார்.

ஏதோ ஒரு நாட்டின் நிதியமைச்சர் பதவி விலகியபோது, தான் முந்தின வாரம் எழுதியதுதான் காரணம் என்று பேப்பர்காரரிடமும் சொல்லிவைத்தார். இந்த உலகத்தில் அவருடைய எழுத்துகளைப் படித்த ஒரே ஜீவன் அவர் மருமகள்தான். கண்ணாடி அறையில் சேர்வதையும் அவள் பார்த்தாக வேண்டும், அது விதி. இப்படி நாற்பது நாடுகளைப் பற்றி அவர் நினைப்பது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவள் கணவன் ஆரஞ்சுப்பழம் உரித்தான்.

அவன் நகரப் பேருந்து ஓட்டுபவன். பேருந்தின் பிரேக் எண்ணெயில் வேலை செய்வதில்லை, காற்றில் வேலை செய்கிறது. வண்டிக்கு அடியில் காற்றுத் தொட்டிகள் இருக்கின்றன. மிதியை அழுத்தினால் அந்தக் காற்று போய்ச் சக்கரத்தைப் பிடிக்கிறது. தொட்டியில் காற்று குறைந்தால் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு முள் சிவப்புக்கு இறங்கும். சிவப்புக்கு வந்த வண்டியை ஓட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு படி இறங்குவதற்குச் சமம். திங்கட்கிழமை காலை அவன் வண்டியில் முள் இறங்கியது. ஓரமாக நிறுத்தினான். பயணிகளை இறக்கி நடைபாதையில் நிற்கவைத்தான். டிப்போவுக்கு போன் செய்தான். மெக்கானிக் வரும்வரை செய்வதற்கு வேறொன்றும் இல்லை. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, பையிலிருந்த ஆரஞ்சை எடுத்து உரித்தான்.

இதில் கடைசிப் பத்து விநாடியை மட்டும் ஒரு பயணி படம் பிடித்தார். முதுகும் தொப்பியும் கையும் பேருந்து எண்ணும் தெரிகின்றன. 'நடுவழியில் பயணிகளைத் தவிக்கவிட்டு ஆரஞ்சு தின்னும் டிரைவர்' என்று மருமகளின் செய்தித்தாளே அதை மதியத்துக்குள் போட்டுவிட்டது.

கருத்துகள் கொட்டின. சோம்பேறி என்றார்கள். சம்பளத்தை நிறுத்து என்றார்கள். 'தோலை ஒரே சுருளாக உரிக்கிறான் பாருங்கள், எத்தனை வருடப் பழக்கம்!' என்று ஒருவர் கண்டுபிடித்தார். 'அந்தப் பழத்தை எங்கே திருடினான்?' என்றார் இன்னொருவர். மாலைக்குள் விஷயம் ஓட்டுநரைத் தாண்டிவிட்டது. 'இந்த நாடு உருப்படாததற்கு இந்த ஒரு படம் போதும்' என்றார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து ஒருவர் வந்து, 'எங்கள் நாட்டில் டிரைவர்கள் பழமே சாப்பிடுவதில்லை' என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

டிப்போ மேலாளர் போன் செய்தார். "நீ பண்ணது சரிதாம்ப்பா. நானா இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். ஆனா மேல இருக்கறவங்க ரிப்போர்ட்டைப் படிக்கறதில்ல, கமெண்டைப் படிக்கறாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் வீட்ல இரு. அதுக்குள்ள அடங்கிச்சுன்னா வண்டியை எடு. அடங்கலன்னா உன்னை பஸ் கழுவற ஷெட்டுக்கு மாத்தச் சொல்றாங்க. நான் என்ன பண்ண?"

ஓட்டுநர் வீட்டில் உட்கார்ந்தான். பன்னிரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். மாமியார் ஒரு தட்டில் பழம் கொண்டுவந்தார்.

"தின்னுடா. இங்க யாரும் படம் பிடிக்க மாட்டாங்க."

"ஆரஞ்சைத் தவிர வேற பழமே கிடைக்கலியாம்மா உனக்கு?"

மாமனார் போனைச் சார்ஜில் போட்டபடியே எழுத ஆரம்பித்தார். திங்கள் முழுதும், செவ்வாய் முழுதும், புதன் மாலைவரை எழுதினார். மருமகள் அலுவலகத்தில் அதைப் பார்த்தாள். கண்ணாடி அறையில் ஒரு கிழவர் தன்னந்தனியாக ஓர் ஊரையே எதிர்த்து நின்றுகொண்டிருந்தார். சோம்பேறி என்றவருக்குப் பதில், திருடன் என்றவருக்குப் பதில், பழம் தின்னாத நாட்டுக்காரருக்கு நீண்ட பதில். காற்றுத் தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று மகனிடம் என்றோ கேட்டதையெல்லாம் விளக்கியிருந்தார். 'அவன் என் மகன். இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் கதவைத் திறக்காதவன்' என்று ஒரு வரி. எதையும் வேறு யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவர் போனை மேசைமேல் வைத்தார்.

"அடங்கிட்டானுங்கடா. நூறு கமெண்ட்டுக்கு மேல போட்டேன். ஒருத்தன் பதில் பேசல."

மகன் தன் போனைத் திறந்தான். மேலும் கீழும் தள்ளினான். "எங்கப்பா? ஒண்ணுகூட இல்லயே."

"கண்ணாடியப் போட்டுப் பாருடா."

"நான் கண்ணாடியே போடறதில்ல."

இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அதே செய்தி, அதே படம், அதே முதுகு. ஒன்றில் மாமனாரின் புகைப்படம் வரிசையாக நின்றது. மற்றதில் வெறும் வசவு. மாமியார் இரண்டையும் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே மருமகள் பக்கம் திரும்பினார்.

"கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டுவியே, அது இதுதானா?"

மருமகள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சல்லடை, மூன்று புகார், அறை. மாமனார் முழுதாகக் கேட்டார். கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ரெண்டு வருஷமா?"

"ஆமா மாமா."

"அப்ப அந்த நிதியமைச்சர்?"

"அவர் வேற காரணத்துக்குப் போயிருப்பார், மாமா."

மாமியார் சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக்கினார்.

"சரி, போனது போகட்டும். என்னை இப்ப வெளிய விடு" என்றார் மாமனார். "என் புள்ளைக்காக எழுதினது நாலு பேர் கண்ணுல படட்டும்."

"பட்டா இன்னும் மோசமாகும், மாமா." அவள் விளக்கினாள். எந்தச் செய்தி முதல் பக்கத்தில் நிற்கும் என்று முடிவு செய்வது மனிதர்கள் இல்லை, எண்ணிக்கை. நிறையக் கருத்து விழுகிற செய்தி மேலே வரும். திட்டினாலும் ஒன்றுதான், தாங்கிப் பேசினாலும் ஒன்றுதான். அடுப்புக்கு எந்த மரத்து விறகென்று தெரியாது. "நீங்க ஒரு பதில் போட்டா பத்து பேர் உங்களுக்குப் பதில் போடுவாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பழம் மேலயே நிக்கும். நீங்க உள்ள இருக்கறதாலதான் இந்த அளவுக்காவது இருக்கு."

மாமனார் தண்ணீர் டம்ளரை ஒரு பக்கம் நகர்த்தினார். உப்பு ஜாடியை மறுபக்கம் நகர்த்தினார். முத்திரை ஆய்வாளர் விழித்துக்கொண்டுவிட்டார் என்று மாமியாருக்குப் புரிந்தது.

"தராசுல ஒரு தட்டு கனத்துல இறங்கி நின்னா, அதைத் தூக்க அதுல இருக்கறதை எடுத்துத்தான் ஆகணும்னு இல்ல. இன்னொரு தட்டுல கனமா எதையாவது வெச்சாலும் போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த ஊருக்குக் கடிச்சுத் துப்ப வேற ஒரு ஆள் வேணும். அவ்வளவுதானே?"

"ஆமா. ஆனா அப்படி யாரு கிடைப்பா?"

"ஏன், நான் இல்லயா? நாப்பது நாட்டைத் திட்டி வெச்சிருக்கேன். எல்லாம் உள்ளதானே இருக்கு?"

மருமகளின் மூளை வேகமாக ஓடியது. அறையில் இரண்டு வருடம் முடித்த ஆளை விடுவிக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. இதுவரை யாரையும் விடுவித்ததில்லை. அந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறும் இருக்கிறது. வெளியே வருபவர் எழுதியது எல்லாம் விடுவித்த நாளின் தேதியோடு, புதிதாக எழுதியது போலவே வந்து விழும். யாரும் வெளியே வராததால் அந்தக் கோளாறை யாரும் சரிசெய்யவில்லை.

"அப்பா, வேண்டாம்ப்பா. உங்க பேரு, படம் எல்லாம் இருக்கு. கிழிச்சிருவாங்க."

"நான் கிழிக்காததையாடா கிழிச்சிரப் போறானுங்க?"

"ஒண்ணு இருக்கு, மாமா" என்றாள் மருமகள். "உங்களுக்கும் இவருக்கும் சம்பந்தம் இருக்குன்னு தெரிஞ்சா ரெண்டு தட்டும் ஒண்ணாயிரும். இவருக்காக எழுதினீங்களே, அதையெல்லாம் முதல்ல அழிக்கணும்."

இங்கேதான் மாமனார் தயங்கினார். போனை எடுத்து அந்தக் கருத்துகளை மெல்லத் தள்ளிப் பார்த்தார்.

"நான் எழுதினதுலயே இதுதாம்மா ஒழுங்கா எழுதினது."

"தெரியும், மாமா. நான் படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"இடது கண்ணாடி பத்தி எழுதினேனே..."

"அதையும்தான்."

"சரி, அழிச்சிரு" என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

வியாழக்கிழமை காலை அவள் அலுவலகத்தில் முதல் வேலையாக மகனைப் பற்றியதை எல்லாம் அழித்தாள். பிறகு விடுதலைப் பட்டனைத் தட்டினாள். நாற்பது நாடுகளுக்கான தீர்ப்பு ஒரே நேரத்தில் அமலுக்கு வந்தது.

மலை நாட்டுக்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். அடுத்து தீவுக்காரர்கள், பாலாடைக்கட்டி நாட்டுக்காரர்கள், நீச்சல் வீராங்கனையின் மொத்தப் பள்ளிக்கூடமும். ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு நாடுகளின் ஆட்கள் மாமனாருக்குக் கீழே தோளோடு தோள் நின்று திட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள், 'இந்த மாதிரி ஆட்களால்தான் நம் நாட்டுக்கு மரியாதை இல்லை' என்றார்கள். முந்தின நாள்வரை அந்த மரியாதையைக் கெடுத்தது ஒரு ஆரஞ்சுப்பழம் என்பது யாருக்கும் நினைவில்லை. மதியத்துக்குள் பழம் நான்காம் பக்கத்துக்குப் போனது. மாலையில் அதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மாமனார் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பதில் வருகிறதே! "இங்க பாருடி, ஒருத்தன் என்னைப் பத்திப் பாட்டே எழுதியிருக்கான்!"

"மெட்டு நல்லா இருக்கா?" என்றார் மாமியார்.

வெள்ளிக்கிழமை மேலாளர் போன் செய்து, "எவனோ ஒரு கிறுக்கன் சிக்கிட்டானாம்ப்பா, உன்னை எல்லாரும் மறந்துட்டாங்க. நாளைக்குக் காலையில முதல் ஷிப்டு, வந்துரு" என்றார். கிறுக்கனின் மகன் நன்றி சொல்லி வைத்தான்.

சனிக்கிழமை காலை அவன் வண்டி எடுக்கப் போய்விட்டான். மருமகள் கைப்பையோடு கூடத்துக்கு வந்தபோது மாமனார் சிரிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தவளுக்கு, அடுக்களைவரை கேட்கும்படி உரக்க வாசித்துக் காட்டினார். யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: 'இந்த ஆளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? எப்படி வளர்த்திருப்பான்!'

மாமனாரின் கட்டைவிரல் தானாக ஓடியது. 'என் பிள்ளையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? முள் சிவப்பில் இருக்கும்போது வண்டியை நிறுத்தி, ஐம்பது பேர் உயிரை' என்று வந்தபோது விரல் நின்றது.

"மாமா" என்றாள் அவள்.

"தெரியும்மா, தெரியும்."

அழிக்கும் பட்டனில் விரலை வைத்தார். எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. உயிர் போயிற்று, வண்டி போயிற்று, முள் போயிற்று. 'என் பிள்ளை' மட்டும் மிச்சமிருந்தபோது கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அதையும் அழித்தார்.

"இப்படி எழுதறவனையெல்லாம் அந்த ரூமுக்குள்ள போட மாட்டீங்களா?"

"மூணு புகார் வரணும், மாமா."

"நான் ஒண்ணு குடுக்கறேன். உன் புருஷன் ஒண்ணு." அவர் அடுக்களைப் பக்கம் திரும்பினார். "ஏய், நீயும் ஒண்ணு குடு."

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்றார் மாமியார். "அவன் நியாயமாத்தான கேட்டிருக்கான். வளர்த்தது நான்னு எழுதுங்க."