பெத்துராஜ் அண்ணாச்சி சொன்ன கிளைமாக்ஸ்

அந்தப் படத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அது வாயில் வந்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். ஆனால் அதே படத்துக்காகத்தான் ஒரு மனிதருக்கு ஆயுசு முழுக்க நன்றி சொல்ல வேண்டியவளாக இருக்கிறேன். இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்று கேட்டால், இருக்கிறது, அவ்வளவுதான். கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

எழுபத்து நாலாம் வருஷம். எனக்கு இருபத்தேழு வயது. வங்காளத்தில், லேக் கார்டன்ஸில் என் அண்ணன் மருதமுத்துவின் வீட்டில் இருந்தேன். புருஷன் விட்டுவிட்டுப் போன தங்கச்சியாக இருந்தேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். என் வீட்டுக்காரர் நடராஜன் ரூர்கேலாவுக்கு வேலைக்குப் போனவர், அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் அழ வேண்டியதை அழுது முடித்தேன். டைப்ரைட்டிங் படித்தேன். அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். என்னை நிரந்தரம் செய்கிறோம், சம்மதமா என்று அந்த மாதம்தான் கடிதம் கொடுத்திருந்தார்கள்.

அதற்கு நான் பதில் எழுதுவதற்குள், வியாழக்கிழமை, நடராஜனின் கடிதம் வந்தது. நாலே வரி. நடந்தது நடந்துவிட்டது, அந்தப் பெண் போய்விட்டாள், அடுத்த வாரம் ஞாயிறு வந்து அழைத்துப் போகிறேன், தயாராக இரு. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? மூச்! துணி வெளுக்கப் போட்டவன் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதுகிற மாதிரி எழுதியிருந்தார்.

அண்ணன் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மதனி எனக்குப் புதுச்சேலை எடுத்து வைத்துவிட்டாள். "இனிமே உனக்கு நல்ல காலம் கமலம்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. நாலு வருஷம் சோறு போட்டவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும், ஆனால் அந்த வீட்டில் அன்று என் வாய் திறக்கவில்லை. போகவும் மனசில்லை. போக மாட்டேன் என்று சொல்ல ஒரு முன்மாதிரியும் இல்லை. எங்கள் குடும்பத்தில் புருஷன் வந்து கூப்பிட்டும் போகாத பெண் என்று ஒருத்தி கிடையாது.

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது.

அந்தக் காலத்தில் எங்களுக்கு மாதம் ஒரு தமிழ்ப் படம். அதுவும் லேக் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் எழுந்துவிட வேண்டும், மத்தியானம் வங்காளிப் படம். படப் பெட்டி மெட்ராஸ் மெயிலில் வந்து அன்று சாயங்காலமே வேறு ஊருக்குக் கிளம்பிவிடும். ஜாதவ்பூரிலிருந்தும் ஹௌராவிலிருந்தும் ஜனம் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வரும்.

படம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. லேக் மார்க்கெட்டில் பெத்துராஜ் அண்ணாச்சியின் மளிகைக் கடை. அதன் வாசலில்தான் தீர்ப்பு. பக்கத்து மெஸ்ஸிலிருந்து காபி வரும். அலிப்பூரில் கணக்கு ஆபீஸராக இருந்த சேஷாத்ரி சார் முதலில் வாயைத் திறப்பார். அவர் மனைவி ராஜம் மாமி அவரை வெட்டிப் பேசுவாள். நான் இரண்டு பேரையும் வெட்டிப் பேசுவேன். கடைசியில் அண்ணாச்சி, தேங்காய் விலை எழுதுகிற பலகையின் மூலையில், படத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று சாக்பீஸால் எழுதுவார். அடுத்த படம் வரும்வரை அது அழியாது.

அண்ணாச்சிக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். சினிமா என்றால் உயிர். சரக்கு எடுக்க வருஷத்துக்கு மூன்று தடவை மெட்ராஸ் போவார், போனால் நாலு படம் பார்க்காமல் திரும்ப மாட்டார். எங்களுக்கு வருகிற படமெல்லாம் அவர் ஏற்கெனவே பார்த்ததாகத்தான் இருக்கும். ஆனால் முடிவை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டார். கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்ல மாட்டார்.

அன்றைய படத்தில் என்ன கதை தெரியுமா? புருஷன் விட்டுவிட்டுப் போன பெண். தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறாள். முதல் பாதியிலேயே எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. ராஜம் மாமி என் பக்கம் திரும்பவே இல்லை, வேண்டுமென்றே. கடைசியில் மழை. புருஷன் ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறான். கதவைத் தட்டுகிறான். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வருகிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.

கரண்ட் போய்விட்டது.

லோட் ஷெடிங் எங்களுக்குப் புதிதா என்ன? பத்து நிமிஷம் விசில் அடித்தோம். அரை மணி நேரம் விசிறிக்கொண்டோம். பன்னிரண்டு அடித்ததும் தியேட்டர்காரர் டார்ச்சோடு வந்து, வெளியே வங்காளிப் படத்துக்குக் கூட்டம் நிற்கிறது, தயவுசெய்து எழுந்திருங்கள் என்றார். சண்டை போட்டுப் பார்த்தோம். அவரும் என்ன செய்வார், பாவம். படப் பெட்டி சாயங்காலம் ரயில் ஏறிவிட்டது.

கடை வாசலில் ஒரே அமளி.

"முடிவு தெரியாம எப்படி ஓய் மார்க் போடறது?" என்றார் சேஷாத்ரி சார். "என்ன, சேர்த்துண்டுதான் இருப்பா. மழையில நனைஞ்சுண்டு நிக்கறான். ஆம்படையான் இல்லையா?"

"நனையட்டுமே. நாலு ரீலா அவ நனைஞ்சது உங்க கண்ணுல படலையா?" என்றாள் ராஜம் மாமி.

"பெத்துராஜ், இன்னிக்கு ஒரு நாள் சொல்லிடும். முழுக் காசு குடுத்தும் முடிவைப் பார்க்கலையே" என்றார் சேஷாத்ரி சார்.

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார். எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். என் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"கதவைத் தெறந்தா" என்று ஆரம்பித்தார். "அவனைப் பாத்தா. 'சாப்பிட்டீகளா'ன்னு கேட்டா. இல்லன்னான். உக்கார வச்சுச் சோறு போட்டா. ரசம் ஊத்தினா, மோர் ஊத்தினா, ஒரு கொறையும் வைக்கல. கை கழுவத் தண்ணி குடுத்தா. அவன் வாசல்ல நின்னு வாயைத் தொடைக்கான். பெட்டியை எடுத்து அவன் பக்கத்துல வச்சா. 'ஒம்பதரைக்குக் கடைசி பஸ்ஸு'ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டா. அம்புட்டுதான் படம்."

"நூத்துக்கு நூறு!" என்று ராஜம் மாமி கை தட்டினாள். "உருப்படுமா? எந்தப் புரொட்யூசர் இப்படி முடிப்பான்?" என்று சேஷாத்ரி சார் தலையில் அடித்துக்கொண்டார். அரை மணி நேரம் வாதாடிக் கடைசியில் அறுபத்தெட்டு என்று பலகையில் ஏறியது. கூட்டம் கலைந்த பிறகு கடைப்படியில் ஏறி நின்று ஒன்றுதான் கேட்டேன்.

"கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் அவ அழுதாளா அண்ணாச்சி?"

அவர் பருப்பு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார். "அழுதா தாயி. நல்லாவே அழுதா. அவன் மூணு தடவை தட்டினான். தெறக்கல."

அடுத்த ஞாயிறு நடராஜன் வந்தார். புருஷன் பெண்டாட்டி மனசு விட்டுப் பேசட்டும் என்று அண்ணன் மதனியைக் கூட்டிக்கொண்டு லேக் பக்கம் போய்விட்டார். நான் சாப்பாடு போட்டேன். சாம்பார், ரசம், மோர், மதனி செய்து வைத்திருந்த பாயசம். அவர் நாலு வருஷக் கதையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. "சாம்பார்ல உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். நல்ல வேளை சொன்னார்! இலேசாக இளகிக்கொண்டிருந்தேன்.

கை கழுவச் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவர் மாடிப்படி பக்கம் நின்று வாயைத் துடைத்துக்கொண்டு, "பெட்டி கட்டியாச்சா?" என்றார். அவருடைய பையை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். "ஹௌராவுல சாயங்காலம் வண்டி இருக்கு. இப்பக் கெளம்பினா புடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அவர் தட்டினார். ஒரு தடவை கோபமாக. இன்னொரு தடவை மெதுவாக. மூன்றாவது தடவை, "கமலம்" என்று பெயர் சொல்லித் தட்டினார். அந்தக் குரலில்தான் கல்யாணமான புதிதில் என்னைக் கூப்பிடுவார். என் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது, சத்தியமாகப் போய்விட்டது. அவள் திறக்கவில்லையே, அவளும் அழுதாளே, திறக்கவில்லையே என்று அதையே சொல்லிக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். செருப்புச் சத்தம் படி இறங்கிப் போயிற்று.

அண்ணன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நாலாவது மாதம் பேசிவிட்டார். திங்கட்கிழமையே நான் ஆபீஸில் சம்மதக் கடிதம் கொடுத்தேன். பரீட்சை எழுதினேன், மேலே வந்தேன். ஜாதவ்பூரில் இரண்டு அறை வீடு என் பெயரில் இருக்கிறது. என் இஷ்டத்துக்குப் படம் பார்க்கிறேன், என் இஷ்டத்துக்குத் திட்டுகிறேன். சாமி கும்பிடும்போதெல்லாம் அந்தப் படத்தை எடுத்த மகராசன் நன்றாக இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கும்பிட்டேன். பன்னிரண்டு வருஷம் கும்பிட்டேன்!

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெல்லியிலிருந்து டிவியில் தமிழ்ப் படம் என்றார்கள். பார்த்தால் அதே படம். எனக்குத் தலை கால் புரியவில்லை. பக்கத்து வீட்டு மிதாலி பௌதியை (பௌதி என்றால் வங்காளியில் மதனி) இழுத்து வந்து உட்கார வைத்தேன். "முடிவைப் பாருங்கள், இந்த மாதிரி முடிவு உங்கள் வங்காளிப் படத்தில்கூடக் கிடையாது" என்று அவளிடம் பெருமையடித்தேன். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டு பௌதியும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மழை. தகரப் பெட்டி. விளக்கு. கதவைத் திறந்தாள்.

திறந்தவள் தடாலென்று அவன் காலில் விழுந்தாள். சோறாவது, ரசமாவது! செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலைக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தன் தலையில் தெளித்துக்கொண்டாள். அவன் பெரிய மனது பண்ணி அவளைத் தூக்கி நிறுத்தினான். பின்னால் வீணை. வணக்கம்.

பௌதி என்னைப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பஸ் பிடித்து லேக் மார்க்கெட்டில் இறங்குகிற வரைக்கும் எனக்குள் கொதித்த கொதிப்பு எனக்குத்தான் தெரியும். மத்தியானம் சாத்திய கடையை அண்ணாச்சி அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது.

"அண்ணாச்சி! அந்தப் படத்தை நீங்க மெட்ராஸ்ல பாத்தீங்களா இல்லையா?"

எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையிலிருந்த கதவுப் பலகையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பாத்தேன் தாயி. ரெண்டு தடவை பாத்தேன். மொதத் தடவை நம்ப முடியாம ரெண்டாந் தடவை போனேன். வெளிய வந்து ரெண்டு நாளு சோறு எறங்கல. நல்லா எடுத்த படத்தை நாசம் பண்ணிட்டானேன்னு."

"அப்ப நீங்க சொன்னது?"

"அப்படித்தான் முடிச்சிருக்கணும்" என்றார். இன்றைக்கும் அவர் குரலில் கோபம் இருந்தது. "ஒங்க மதனி முந்தின நாளே சாமான் வாங்க வந்து சொல்லிட்டாக, மாப்பிள்ளை வாறாரு, கமலத்தைக் கூட்டிட்டுப் போறாருன்னு. மறுநாளு எல்லாரும் முடிவு கேக்காக, வெளையாட்டுக்குக் கேக்காக. நீ மட்டும் காபியைத் தொடாம நிக்க. அந்தக் கழுதை முடிவை எப்படிச் சொல்ல? வாய் வரல. தோணினதைச் சொல்லிட்டேன்."

நான் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சொல்லிட்டு நான் பட்ட பாடு!" என்றார். "பொண்ணு வாழ்க்கைல வெளையாடிட்டமோன்னு ஒரு வாரம் தூக்கமில்ல. அவரு வந்துட்டுப் போன மறுநாளு திங்கக்கெழமை நீ டிபன் டப்பாவோட கடை முன்னாடி ஆபீஸ் போன பாரு, அன்னிக்குத்தான் மூச்சு வந்துச்சு. அதுக்கப்புறம் மூணு தடவை நம்ம தமிழ் அசோசியேஷன்ல அந்தப் படத்தைத் திருப்பிப் போடுவோம்னாக. பிரிண்டு கிழிஞ்சு கெடக்கு, பாட்டு குப்பை, கண்ணு வலிக்கும்னு வாய்க்கு வந்ததைச் சொல்லி மூணு தடவையும் நிறுத்தினேன். சேஷாத்ரி சார் கூட, ஒமக்கு ரசனையே போச்சு ஓய்னு ஏசினாரு. டெல்லிக்காரன் போடுவான்னு யார் கண்டா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சினிமாவே உயிராக இருந்த மனுஷன், பன்னிரண்டு வருஷம் எனக்காகப் பொய் விமர்சனம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

"சாமி கிட்ட யாருக்கோ நன்றி சொல்லிட்டு இருந்தேன் அண்ணாச்சி. அதெல்லாம் உங்களுக்கு. அன்னிக்கு அவர் மூணாவது தடவை தட்டினப்ப என் கை தாழ்ப்பாள்ல இருந்துச்சு. அவ தெறக்கலன்னு நீங்க சொல்லியிருக்காட்டி நான் தெறந்திருப்பேன்."

அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"அவ தெறந்துட்டாளே தாயி. தெறக்காதது நீதான?"