ஆறு மணிக்கு வருவார்

காலை ஏழு மணி ஆங்கில வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் எழுதிய நிபந்தனை வாக்கியங்கள் எல்லாம் நடந்தன. ‘வில்’ போட்டு எழுதியவை தெருவில் நடந்தன. ‘வுட்’ போட்டு எழுதியவை, நாலு தெரு தள்ளி, அவள் வீட்டு உள்ளறையில் நடந்தன. பஸ் சீக்கிரம் வந்தால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும் என்று வில் போட்டு எழுதிய அன்று பஸ் சீக்கிரம் வந்தது, எல்லோரும் உட்கார்ந்த பிறகும் இரண்டு இடம் மிச்சம் இருந்தது. வில் வாக்கியத்தில் ‘இஃப்’ பாதி உண்மையாக இருந்தால் போதும், மறுபாதி தவறியதே இல்லை. நான் பறவையாக இருந்தால் பறப்பேன் என்று வுட் போட்டு எழுதிய அன்று உள்ளறையில் முழங்கால் உயரத்துக்கு சாம்பல் நிற இறகுகள் கிடந்தன. பலகையை அழித்தால் எல்லாம் போய்விடும். வெள்ளிக்கிழமை எழுதியதைத் திங்கட்கிழமைதான் அழிப்பார்கள் என்பதால், பணக்காரனாக இருந்தால் குதிரை வாங்குவேன் என்ற வாக்கியத்தின் குதிரை சனி ஞாயிறு முழுக்க அங்கே நின்றது. கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, என்ன சத்தம் என்று கேட்டாள். “குதிரைக்கா. திங்கக்கிழமை போயிடும்.” “காலுக்குத் துணியாவது சுத்தி விடேன், தலை வலிக்குது,” என்றுவிட்டு அக்கா இறங்கிப் போனாள். அதன் பிறகு டீச்சர் வுட்டுக்குச் சத்தம் போடாத உதாரணங்களாகப் பார்த்து எழுதினாள். நிலா, பனி, பெரிய தோட்டம்.

உள்ளறை காலியாக இருந்ததால்தான் இத்தனையும் கொண்டது. அதில் கணவன் சட்டை மாட்டும் ஆணி ஒன்றைத் தவிர எதையும் அவள் வைக்கவில்லை. நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, வேறொரு நாட்டில் வேலை கிடைத்து அவன் போனான். ஸ்டேஷனில், நீல நிறப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வீடு கெடச்சா வருவேன்,” என்றான். கூட்டிக்கொண்டு போக வருவேன் என்று அர்த்தம். முதல் வருடம் வாரம் ஒரு போன், இரண்டாம் வருடம் மாதம் ஒன்று, ஐந்தாம் வருடம் அவள் பிறந்த நாளுக்கு இரண்டு நாள் கழித்து ஒன்று. அப்புறம் இல்லை. ஒன்பது வருடமாக அவள் வீட்டை மாற்றவில்லை, போன் நம்பரை மாற்றவில்லை, வேறு ஊரில் கிடைத்த நல்ல வேலையை இரண்டு முறை வேண்டாம் என்றாள். துக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டு கையிலும் சாமான் வைத்துக்கொண்டு, கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு காலால் தடுத்து நிற்பதைப்போல இருந்தது. கால் மரத்துப்போனதை அவள் கவனிக்கவில்லை.

வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதவிருந்த நர்ஸ் ஒருத்தி அந்த வருடம் வகுப்பில் சேர்ந்தாள். அவள்தான் கேட்டாள். “டீச்சர், தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானே? லீவு கெடச்சா வருவேன்னு எங்கம்மாகிட்ட சொல்றேன். அது வில்லா, வுட்டா?”

“கெடைக்கும்னு நெனச்சு சொன்னா வில். கெடைக்காதுன்னு தெரிஞ்சே சொன்னா வுட்.”

“கேக்கறவங்களுக்கு அது எப்படித் தெரியும்?”

பதினான்கு வருடப் பாடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. பின் பெஞ்சிலிருந்து செக்யூரிட்டிக்காரர், “வில்லுன்னா புடிச்சுக்கலாம். வுட்டுன்னா வுட்டாச்சு. இதுல என்னம்மா குழப்பம்?” என்றார். வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வகுப்புக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் சாவி வாங்கினாள். “இன்னிக்குமா கிளாஸு?” என்றார் கடைக்காரர். ஒரே ஒரு வாக்கியம்தான் என்று சொல்லி மேலே போனாள். ‘இஃப் ஹீ ஹேஸ் எ ஹவுஸ், ஹீ வில் கம் ஹோம்’ என்று பலகையில் எழுதினாள். அவனுக்கு வீடு இருக்கிறதா என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு வருடம் முன்பு நாத்தனார் போனில் அவன் வீட்டுப் படம் ஒன்று காட்டினாள். பால்கனி, இரண்டு நாற்காலி. கொடியில் காய்ந்த துணிகள் யாருடையவை என்று பார்ப்பதற்குள் போனைத் திருப்பிக்கொண்டாள். ஆக இஃப் பாதி உண்மை. டீச்சர் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். ஆறு பஸ்கள் வந்து போயின. நாலு மணிக்கு எழுந்தாள். வில் தவறாத பலகையில் வில் நடக்கவில்லை என்றால், ஸ்டேஷனில் வருவேன் என்று சொன்னவன் மனதில் இருந்தது வில் அல்ல. நூற்றுக்கணக்கான பேருக்குத் திருத்திக் கொடுத்த பிழைதான். ஹேஸை ஹேட் ஆக்கினாள், வில்லை வுட் ஆக்கினாள். பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

உள்ளறையில் அவன் ஷூ போட்டுக்கொண்டு, நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றிருந்தான். ஸ்டேஷனில் இருந்த அதே வயது. அவள் தண்ணீர் நீட்டினாள். “வந்து குடிக்கிறேன்,” என்றான். இந்தப் பக்கம் வாங்க என்றாள். “வீடு கெடச்சா வருவேன்,” என்றான், அன்பாகவே. உள்ளறை வாசற்படியை அவன் கால் தாண்டவில்லை. மறுநாள் காலை வரை அப்படியே நின்றான். ஒன்பது வருடமும் இவனோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறோம், இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறான் என்று அவளுக்குப் பட்டது.

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே போய், வாக்கியத்தின் இஃப் பாதியை மட்டும் அழித்தாள். ஹீ வுட் கம் ஹோம். இஃப் இல்லாத வுட்டுக்கு இன்னொரு பயன் உண்டு; பாடத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் நேரமில்லாமல் விட்டுப்போவது. முன்பெல்லாம் வழக்கமாக நடந்ததைச் சொல்வது. வழக்கத்துக்கு ஒரு நேரம் வேண்டும் என்பதால் ‘அட் சிக்ஸ்’ என்று சேர்த்து, முழுவதையும் பலகையின் வலது மூலையில் எழுதிக் கட்டம் போட்டு, கீழே ‘அழிக்க வேண்டாம்’ என்று எழுதினாள். பிறகு நர்ஸ் வந்தாள், மற்றவர்கள் வந்தார்கள், அன்றைய பாடம் நடந்தது.

அன்று மாலை ஆறு மணிக்குப் படியில் காலடி கேட்டது. உடைந்த மூன்றாம் படியைத் தாண்டி வைக்கும் அதே காலடி. அவன் வந்தான், சட்டையை ஆணியில் மாட்டினான், “தண்ணி குடு,” என்றான், குடித்தான். வாக்கியத்தில் இருந்தது வருவது மட்டும்தான். அதனால் டம்ளரைக் கீழே வைத்ததும் அவன் இல்லை. சட்டை கொஞ்ச நேரம் இருந்தது. மறுநாளும் அப்படியே.

அந்த வாரமே அவள் போன் நம்பரை மாற்றினாள். உள்ளறையில் தன் கட்டிலைப் போட்டுக்கொண்டாள், ஆணியை மறைக்காமல். நர்ஸ் பரீட்சையில் தேறி வெளிநாடு போனாள். பலகைக்கு இரண்டு முறை கறுப்பு அடித்தார்கள். பெயின்டர் கட்டத்தைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்.

துணி காயப்போடும்போது ஒருநாள் கீழ்வீட்டு அக்கா கேட்டாள். “படியில சத்தம் கேக்குதே. வீட்டுக்காரர் வர்றாரா?”

“ஆறு மணிக்கு வருவார்க்கா.”

எந்த ‘வருவார்’ என்று அக்கா கேட்கவில்லை. அஞ்சரைக்கே பூட்டும் வாசல் கேட்டை அன்றிலிருந்து ஆறேகாலுக்குப் பூட்டினாள்.